சவுண்டு சர்வீஸ் ஓடுதா?

நாளிதழில் வந்த மின்தடை அறிவிப்பை அன்று காலை சம்சாத் பேகம் இரண்டு தடவை படித்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்தெந்தத் தெருவில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். பக்கத்துத் தெரு இருந்தது. எதிர்த்த சந்து இருந்தது. அவள் தெரு இல்லை. நிம்மதியாகத் தாளை மடித்து வைத்தாள். பட்டியலின் கடைசியில் "மற்றும் அதன் சுற்றுப்புறப் பகுதிகள்" என்று நான்கு சொற்கள் கிடந்தன. எல்லா அறிவிப்பிலும் கிடக்கிற சொற்கள்தான், யாரும் நின்று படிப்பதில்லை. அவளும் படிக்கவில்லை.

அவள் வீடு அந்த நான்கு சொற்களுக்குள் இருந்தது.

சம்சாத்துக்கு வயது முப்பத்தொன்பது. பிறந்தது வத்திராயிருப்பில். பத்தாவது முடித்து, தமிழ் டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ் செய்த கையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் அபுபக்கருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அபுபக்கர் அப்போது நூர் சவுண்டு சர்வீஸ் என்ற பெயரில் மைக்செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடைத் திருவிழா, மீலாது ஊர்வலம், கட்சிக்கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் அவர் ஒலிபெருக்கிக் குழாய்தான் பேசும். அவர் கம்பத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவார். சம்சாத் கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் நின்று திருகைத் திருப்புவாள். ஐந்நூறு பேர் கூடி நிற்கிற கூட்டத்தில் நான்காவது கம்பத்துக் குழாய் லேசாகக் கிழிந்து பேசினால் முதலில் அவள் காதுக்குத்தான் தெரியும். ஆர்டர் கொடுக்க வருகிறவர் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசுவதற்குள், எந்த ஊர் பஸ்ஸில் வந்து இறங்கியவர் என்று சொல்லிவிடுவாள். அபுபக்கர் சும்மா இருக்க மாட்டார், அதை வைத்தே வந்தவர்களிடம் பந்தயம் கட்டி டீ வாங்கிக் குடிப்பார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வன்னியம்பட்டியில் ஒரு கொடைக்குக் குழாய் கட்டும்போது அவர் கம்பத்திலிருந்து விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. உட்கார்ந்து செய்கிற வேலை மட்டும்தான் இனிமேல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மைக்செட்டை விற்றார்கள். அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்க ஆரம்பித்தார். சம்சாத் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லுக்கு வேலைக்குப் போனாள்.

மில்லுக்குள் வாய்ப்பேச்சு எடுபடாது. நூல் சுற்றும் ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒன்றாகச் சுழல்கிற இரைச்சலில் கையும் உதடும்தான் பேசும். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டுதான் நின்றாள். அப்படியும் போன ஆடியில் ஒரு மருத்துவ முகாமில் சோதித்த பெண் டாக்டர், "வலது காது கொஞ்சம் இறங்கியிருக்கும்மா. இன்னும் நாலஞ்சு வருஷம் இதே இடத்துல நின்னா இன்னும் இறங்கும்" என்று சொன்னார். சம்சாத்துக்கு அது தாங்கவில்லை. கை வலிக்கிறது, கால் வலிக்கிறது என்றால் பொறுத்துக்கொள்வாள். காது அப்படியல்ல. அவளிடம் பேர் சொல்லும்படி இருந்த ஒரே சொத்து அது.

மதுரையில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் சப்ரீன்தான் அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்து அனுப்பினாள். சென்னையில் ஒரு நிறுவனம் கிராமத்து மக்களின் பேச்சைப் பதிவு செய்து, அதைச் சொல்லுக்குச் சொல், பேசியது பேசியபடியே தட்டச்சு செய்து தர ஆள் தேடுகிறது. தென்மாவட்டப் பேச்சு தெரிந்தவர் வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரு தேர்வு உண்டு. இருபது குரல் துண்டுகள், ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு வாய்ப்பு. குறித்த நாளில் மதியம் இரண்டு மணிக்குள் ஆரம்பித்துவிட வேண்டும். எந்த லேப்டாப்பில் பெயர் பதிவு செய்தோமோ அதே லேப்டாப்பில்தான் எழுத வேண்டும். போனில் எழுத முடியாது.

"ம்மா, உனக்குன்னே போட்ட மாதிரி இருக்கு" என்றாள் சப்ரீன்.

குறித்த நாள் அன்றைக்குத்தான். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, எட்டரை மணிக்கே சம்சாத் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். சப்ரீனுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பழைய லேப்டாப். பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது, வயரைச் செருகினால்தான் உயிர். தேர்வுக்கு முன்னால் ஒரு சோதனை ஓடியது. கேமரா சரி. இன்டர்நெட் சரி. கடைசி வரி மட்டும் சிவப்பாக நின்றது: 'ஒலியை மாற்றும் மென்பொருள் உள்ளது. நீக்கிய பிறகு தொடரவும்.'

லேப்டாப்பில் சத்தம் பத்தவில்லை என்று சப்ரீன் எப்போதோ இறக்கி வைத்திருந்த ஒரு பூஸ்டர் அது. சம்சாத் அதன் பெயரைத் தேடிப் பிடித்து, நீக்கு என்று அழுத்தினாள். பச்சைக் கோடு மெதுவாக நகர்ந்தது. பாதி தாண்டியது. முக்கால் வந்தது. அங்கேயே நின்று யோசித்தது.

மணி ஒன்பது. ஃபேன் நின்றது. லேப்டாப்பும் கறுத்துப் போனது.

"யா அல்லா" என்று எழுந்துவிட்டாள். "நம்ம தெரு லிஸ்ட்டுல இல்லையேங்க! ரெண்டு தடவ பார்த்தேனே!"

முன்னறையில் ஒரு மிக்ஸியை மடியில் கவிழ்த்து வைத்திருந்த அபுபக்கர் தாளை எடுத்துப் பார்த்தார். "சுற்றுப்புறம்னு போட்டிருக்கான்ல?"

"ஆமா."

"நாமதான் சுற்றுப்புறம்."

"கேலி பண்ணுற நேரமா இது? ரெண்டு மணிக்குள்ள உக்காரணும். அஞ்சு மணிக்குத்தான் கரண்ட் வரும்."

"சரி, இப்ப கரண்ட் எங்க இருக்கு? அத யோசி. கரண்ட் இல்லாத ஊர்ல நாம கொடையே நடத்தியிருக்கோம்."

அவள் யோசிக்கவே இல்லை. மில்லில் பக்கத்து வரிசையில் நிற்கிற சுடலைமாடத்தியின் முகம் உடனே வந்துவிட்டது. ராஜபாளையத்தில் தனியாக இருக்கிறவள், இந்த வாரம் அவளுக்கு ராத்திரி ஷிஃப்ட், பகலில் வீட்டில்தான் இருப்பாள். லேப்டாப்பையும் வயரையும் ஒரு பெரிய கட்டைப்பைக்குள் இறக்கி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

"போறேங்க."

"ஏட்டி, சாப்பிட்டுட்டுப் போ."

"வந்து சாப்பிடுறேன்."

பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. பையைக் கீழே வைக்க மனமில்லாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றாள். கண்டக்டர், "என்னக்கா, பச்சப்பிள்ளையா உள்ள இருக்கு?" என்றார். "அத விடப் பெரிசு. தள்ளாமப் போங்க" என்றாள்.

பத்தேகால் மணிக்குச் சுடலைமாடத்தியின் கதவைத் தட்டினாள். மாடத்தி தூக்கக் கலக்கத்தோடு திறந்தாள். மில்லில் பதினைந்து வருஷம் நின்றவள். வீட்டுக்குள் பேசினாலும் அவள் குரல் தெருமுனை வரைக்கும் போகும்.

"ஏட்டி சம்சாது! என்னட்டி இந்நேரத்துல? அண்ணனுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவுகளுக்கு ஒண்ணுமில்லக்கா. எனக்குத்தான் கரண்ட் வேணும்."

"கரண்டா? எம்புட்டு வேணும்? ரெண்டு பிளக் இருக்கு, எடுத்துக்கோ." சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டி இடம் விட்டாள்.

வயரைச் செருகியதும் லேப்டாப் உயிர் பெற்றது. எல்லாம் பழையபடி வந்தது, சத்தத்தைத் தவிர. கீழ் ஓரத்தில் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் படத்தின் மேல் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தாள். ஓட மறுத்தது. சப்ரீனின் இயர்போனைச் செருகிப் பார்த்தாள். அதிலும் மூச்சில்லை. மகளுக்கு போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். அன்றைக்கு அவளுக்கு செய்முறைத் தேர்வு. அது அம்மாவுக்கும் தெரிந்ததுதான்.

மாடத்தி எட்டிப் பார்த்தாள். "கெட்டுப் போச்சா?"

"பேச்சு நின்னு போச்சு."

"தெருமுக்குல ஒரு கம்ப்யூட்டர் கடை இருக்கு. தூக்கிட்டு ஓடு."

கடையில் நான்கு பேர் அவளுக்கு முன்னால் நின்றார்கள். கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்து, சிவப்புக் குறியைப் பார்த்து, நடந்ததைக் கேட்டு, இரண்டு நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"சவுண்டு டிரைவர் சாஃப்ட்வேர் போயிருச்சு. பாதியில கரண்ட் போனா அப்படித்தான். பழைய சிஸ்டம் வேற. மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும். வச்சிட்டுப் போங்க, நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

"ரெண்டு மணிக்குள்ள வேணுமே."

"இன்னைக்கு ரெண்டு மணிக்கா?" அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "அக்கா, எனக்கு முன்னால ஏழு லேப்டாப் கெடக்கு."

மொத்தமாக அழித்தால் தேர்வுக்குப் பதிந்ததும் சேர்ந்து போய்விடும். அவள் லேப்டாப்பை மூடினாள், பையில் வைத்தாள், நடந்தாள். வெயிலில் நடக்கும்போது அவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. அந்த ஆள் எங்கே சத்தம் நின்றது என்று தேடவே இல்லை. நூர் சவுண்டு சர்வீஸில் யாராவது, 'பேசலையா, எல்லாத்தையும் கழட்டிட்டு மறுபடியும் கட்டு' என்று சொல்லியிருந்தால் அபுபக்கர் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அவர் வழி வேறு. குழாய் பேசவில்லையா, குழாயிலிருந்து பின்னால் வா. குழாய் நல்லாயிருக்கா? அடுத்து வயர். வயர் நல்லாயிருக்கா? அடுத்து ஆம்ப்ளிஃபயர். அதுக்கடுத்து மைக். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடணும். இரண்டைச் சேர்த்துத் தொட்டால் எது கெட்டது, எது நல்லதாச்சு என்று யாருக்கும் தெரியாது.

ஸ்பீக்கரிலும் வரவில்லை, இயர்போனிலும் வரவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் கெடாது. அப்படியென்றால் கோளாறு குழாயில் இல்லை, அதற்குப் பின்னால் எங்கோ இருக்கிறது.

பதினொன்றே முக்காலுக்கு மாடத்தி வீட்டுக்குத் திரும்பி, வயரை மறுபடியும் செருகினாள். தேர்வு மின்னஞ்சலில் ஒரு உதவி எண் இருந்தது. இருபது நிமிஷம் சங்கீதம் கேட்க வைத்துவிட்டு ஒருவன் எடுத்தான்.

"வணக்கம் மேடம், என் பேரு ஜெபின். சொல்லுங்க."

ஜெபின் என்ற பெயரும், அவன் 'மேடத்தை' இழுத்த இழுப்பும் சேர்ந்து நாகர்கோவில் பக்கம் என்று அவள் காது சொன்னது. அதையெல்லாம் கேட்க நேரமில்லை. மென்பொருளை நீக்கியது, கரண்ட் போனது, சத்தம் நின்றது என்று வரிசையாகச் சொன்னாள்.

"சரி மேடம். முதல்ல ஒண்ணு சொல்லுங்க. சவுண்டு சர்வீஸ் ஓடுதா?"

சம்சாத் போனைக் காதோடு அழுத்தினாள். இவனுக்கு யார் சொன்னார்கள்? விண்ணப்பத்தில் முந்தைய தொழில் என்று ஒரு கட்டம் இருந்ததே, அதில் எழுதியிருந்தாள்.

"இல்ல தம்பி. அத நிறுத்தி ரெண்டு வருஷமாச்சு."

"ரெண்டு வருஷமாவா?" ஜெபின் திடுக்கிட்டான். "அப்ப இவ்வளவு நாளும் எப்படி மேடம் கேட்டீங்க?"

"எத?"

"சவுண்டத்தான்."

"நாங்க எங்க தம்பி கேக்கோம்? ஊர்க்காரங்கதான கேட்டாங்க. கல்யாணம், கொடை, மீலாது, எல்லாத்துக்கும் நம்மதுதான்."

"சரி… யாரு மேடம் ஸ்டாப் பண்ணுனது?"

"யாரு பண்ணுவா? எங்க வீட்டுக்காரவுகதான். கம்பத்துல இருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. பொறவு எப்படி நடத்த முடியும்?"

மாடத்தி வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குலுங்கினாள்.

"மேடம்," என்றான் ஜெபின் மிக மரியாதையாக, "நான் லேப்டாப்புக்குள்ள இருக்கிற சர்வீஸக் கேட்டேன்."

"லேப்டாப்புக்குள்ள சவுண்டு சர்வீஸ் இருக்கா?"

"இருக்கு மேடம். உள்ள அது ஓடுனாத்தான் சத்தமே வரும்."

சம்சாத் சிரித்துவிட்டாள். காலையிலிருந்து முதல் சிரிப்பு. "அத முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி. எங்க இருக்கு அது?"

அவன் சொன்ன இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தி, அவன் எழுத்துக் கூட்டிச் சொன்னதைத் தட்டினாள். நீளமான ஒரு பட்டியல் திறந்தது. உள்ளே நூற்றுக்கும் மேலே சர்வீஸ்கள். பலவற்றுக்கு எதிரில் 'ரன்னிங்' என்று போட்டிருந்தது. ஆடியோ என்ற பெயருக்கு எதிரில் காலியாக இருந்தது.

"ஓடல தம்பி."

"ரைட் கிளிக் பண்ணி ஸ்டார்ட் கொடுங்க."

"ஸ்டார்ட்டுங்கிறது சாம்பல் கலர்ல கெடக்கு. அமுங்க மாட்டேங்குது. டிசேபிள்டுன்னு போட்டிருக்கு."

ஜெபின் பெருமூச்சு விட்டான். அவன் கையில் இருந்த குறிப்பு அத்தோடு முடிந்துவிட்டது போலிருந்தது. "அப்படின்னா எங்க பக்கத்துல இருந்து ஒண்ணும் செய்ய முடியாது மேடம். பக்கத்துல ஒரு மெக்கானிக்…"

"மெக்கானிக்கப் பார்த்தாச்சு. செத்த நேரம் லைன்ல இருங்க."

"இன்னும் பதினோரு பேரு காத்திருக்காங்க மேடம். ரெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு. மனச விட்டுராதீங்க." வைத்துவிட்டான்.

மணி பன்னிரண்டு இருபத்தைந்து.

மாடத்தி ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். சம்சாத் அதைப் பார்க்கவில்லை. அந்த 'டிசேபிள்டு' என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் இதை நிறுத்தியது? கரண்ட் போனதால் நின்றிருந்தால், கரண்ட் வந்ததும் மற்றதெல்லாம் ஓடுவது மாதிரி இதுவும் ஓடியிருக்கும். இது தானாக நிற்கவில்லை. யாரோ நிறுத்தி, பூட்டும் போட்டிருக்கிறார்கள்.

சட்டென்று அவளுக்கு விளங்கியது. அபுபக்கர் வயரை வெட்டி ஒட்ட வேண்டுமென்றால் முதலில் மெயினை இறக்குவார். தவறிப்போய் யாரும் ஏற்றிவிடக் கூடாதென்று அவளைப் பக்கத்தில் நிறுத்துவார். வேலை முடிந்த பிறகுதான் ஏற்றுவார். அந்தப் பூஸ்டரும் அப்படித்தான் செய்திருக்கிறது. தன்னைக் கழற்றிக்கொள்வதற்கு முன்னால் சவுண்டு சர்வீஸை நிறுத்தி வைத்திருக்கிறது. வேலையை முடித்துவிட்டு ஏற்றுவதற்குள் கரண்ட் போய்விட்டது.

"அக்கா," என்றாள், "இது கெட்டுப் போகல. நிறுத்தி வச்சிருக்கு, அம்புட்டுதான்."

"நீ சொன்னா சரிதான். சோறு ஆறுது."

அந்தப் பெயரின் மேல் இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு சின்னப் பெட்டி திறந்தது. உள்ளே எல்லாம் ஆங்கிலம். பத்தாவது ஆங்கிலத்தை வைத்து ஒவ்வொரு வரியாக, விரலை வைத்துப் படித்தாள். ஒரு இடத்தில் 'டிசேபிள்டு' இருந்தது, பக்கத்தில் ஒரு அம்புக்குறி. அழுத்தினால் நான்கு சொற்கள் கீழே இறங்கின. ஒன்று 'ஆட்டோமேட்டிக்'. அதைத் தொட்டாள். சாம்பலாகக் கிடந்த ஸ்டார்ட் கறுப்பானது. அழுத்தினாள்.

ஒரு பிழைச் செய்தி வந்தது. சலிக்காமல் அதையும் விரல் வைத்துப் படித்தாள். இது இன்னொரு சர்வீஸைச் சார்ந்திருக்கிறது, அது ஓடவில்லை என்ற அளவுக்குப் புரிந்தது. அதில் அவளுக்கு ஆச்சரியம் இல்லை. ஜெனரேட்டர் ஓடாமல் ஆம்ப்ளிஃபயர் எரியுமா? பட்டியலில் மறுபடியும் தேடினாள். ஆடியோ என்ற சொல் வருகிற இன்னொரு நீளமான பெயர் நேர் கீழேயே இருந்தது. அதற்கு எதிரிலும் காலி. அதற்கும் அதே வைத்தியம். ஆட்டோமேட்டிக், ஸ்டார்ட். அது ஓடியது. திரும்பி முதலாவதுக்கு வந்து ஸ்டார்ட் கொடுத்தாள். 'ரன்னிங்' என்று எழுத்து விழுந்தது.

கீழே சிவப்புப் பெருக்கல் குறி மறைந்தது.

பாட்டைப் போட்டாள். இந்தத் தடவை ஓடியது. வினாடிகள் நகர்ந்தன. சத்தம் மட்டும் வரவில்லை.

"போச்சா?" என்றாள் மாடத்தி.

"இல்லக்கா. இப்ப ஆம்ப்ளிஃபயர் எரியுது. வயரு எந்தக் குழாய்க்குப் போகுதுன்னு பாக்கணும்."

ஸ்பீக்கர் படத்தைத் தட்டினாள். சத்தம் போகிற இடத்தின் பெயர் வந்தது. அந்தப் பூஸ்டரின் பெயர். பாதி கழன்ற பூஸ்டர், இல்லாத ஒரு குழாய்க்கு வயரை இழுத்துக்கொண்டு நின்றது. அதன் கீழே 'ஸ்பீக்கர்' என்று இன்னொரு பெயர் இருந்தது. அதைத் தொட்டாள்.

பாட்டு நடு வரியில் பாய்ந்து வந்தது. மாடத்தி "ஆத்தீ!" என்று கத்தியதில் பக்கத்து வீட்டம்மா தெலுங்கில் என்னவோ கேட்டுக்கொண்டே வாசலுக்கு வந்தாள். "ஒண்ணுமில்லம்மா, பேச ஆரம்பிச்சிருச்சு" என்று மாடத்தி அவளுக்கும் தெருவுக்கும் சேர்த்து அறிவித்தாள்.

இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. பூஸ்டரின் பெயர் நீக்குகிற பட்டியலில் அப்படியே இருந்தது. அதை வைத்துக்கொண்டு போனால் தேர்வு உள்ளே விடாது. மறுபடியும் நீக்கு என்று அழுத்தப் போன கையை இழுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக எதிர்க் கடையைப் பார்த்தாள். குழல் விளக்கு எரிந்தது.

"அக்கா, இங்க இன்னைக்குக் கரண்ட் போகாதுல்ல?"

"இங்க போன வாரமே கரண்ட்டப் புடுங்கிட்டாக. அமுக்குட்டி."

அமுக்கினாள். கோடு பாதியைத் தாண்டியது, முக்கால் வந்தது, நின்றது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நிமிஷம் கழித்து முடிந்தது என்று சொல்லியது. அணைத்து ஏற்றச் சொன்னது. அணைத்து ஏற்றினாள். நேராக சர்வீஸ் பட்டியலுக்குப் போய் இரண்டும் ஓடுகிறதா என்று பார்த்தாள். ஓடின. சோதனையைத் தொடங்கினாள். கேமரா பச்சை, இன்டர்நெட் பச்சை. கடைசி வரியும் பச்சையானது.

மணி ஒன்று நாற்பத்திமூன்று. சோற்றை நான்கு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு கை கழுவினாள். போனிலிருந்துதான் லேப்டாப்புக்கு நெட் வந்தது, அதைக் கைக்கு எட்டாத தூரத்தில், அலமாரியில் வைத்தாள். கேமராவில் வேறு முகம் தெரியக்கூடாது என்றதும் மாடத்தி வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். இயர்போனில் ஒரு பக்கம்தான் பேசியது. அதை இடது காதில் செருகினாள்.

தொடங்கினாள்.

முதல் ஆறு குரல்கள் சுலபம். ஏழாவதில் ஒரு கிழவி வெற்றிலையை மென்றுகொண்டே பேசினாள். மூன்று தடவைக்கு மேல் கேட்க அனுமதியில்லை, மூன்றாவதில்தான் பிடிபட்டது. பத்தாவதில், பழக்கதோஷத்தில் 'வருகிறான்' என்று தட்டிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டாள். பேசியவன் 'வருதான்' என்றல்லவா சொன்னான்? திரும்பிப் போக வழியில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு விரல்கள் திருத்தவே இல்லை, காது சொன்னதை மட்டும் தட்டின.

பதினாலாவது துண்டில் ஒரு ஆண் குரல். பின்னால் தண்ணீர் இரைச்சல், தவளைச் சத்தம். "ராவெல்லாம் மழ. விடியப் போயி பாக்கேன், கம்மா மறுகா போகுது."

அவள் விரல் நின்றது. அடுத்த சொல்லுக்குப் போகாமல் இன்னொரு தடவை கேட்டாள். மறுக்கா என்றால் மறுபடியும். அப்படி எழுதினால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள், கம்மா மறுபடியும் போகுது என்று ஏதோ அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள். இந்த ஆள் அழுத்திச் சொல்லவில்லை. 'க' ஒற்றையாக, மெதுவாக விழுந்தது. மூன்றாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மலையிலிருந்து தண்ணீர் இறங்கி, கம்மா நிறைந்து, மிஞ்சியது மறுகால் வழியாக வெளியே பாய்கிற காலையில் வத்திராயிருப்பில் சின்னப் பிள்ளைகள் ஓடி வந்து தெருவுக்குச் சொல்கிற அதே சேதி. மறுகால்தான் மறுகா. ஒற்றைக் 'க' போட்டு, 'மறுகா' என்று தட்டினாள். குறிப்புக்கென்று இருந்த கட்டத்தில், 'கண்மாய் நிரம்பி உபரி நீர் வெளியேறுகிறது' என்று எழுதினாள்.

பத்தொன்பது முடித்து இருபதாவதில் பாதியில் இருக்கும்போது நேரம் தீர்ந்து திரை தானாக மூடிக்கொண்டது.

வாசலுக்கு வந்தாள். மாடத்தி படியில் உட்கார்ந்தபடியே கதவில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ராத்திரி ஷிஃப்ட்டுக்குப் போக வேண்டியவள். சம்சாத் அவளை எழுப்பி உள்ளே படுக்க வைத்தாள்.

"என்னட்டி ஆச்சு?" என்றாள் மாடத்தி கண்ணைத் திறக்காமலே.

"கடைசில பாதி விட்டுட்டேன்க்கா. ஒண்ணுல தப்பும் பண்ணிட்டேன்."

"மத்ததெல்லாம்?"

"மத்ததெல்லாம் காதுல விழுந்தத எழுதிட்டேன்."

எட்டு நாள் பதில் இல்லை. எட்டு நாளும் மில்லில் இரைச்சலுக்குள் நின்றாள். ஒன்பதாவது நாள் சாப்பாட்டு இடைவேளையில் போன் அடித்தது. மற்றக் காதைக் கையால் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். சென்னை எண். பேசிய பெண் தன் பெயர் நாராயணி என்றும், மதிப்பெண் போட்ட குழுவில் இருப்பதாகவும் சொன்னாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் நானே கூப்பிட்டேன். பதினாலாவது ஆடியோ. எழுதுனவங்கள்ல பாதிப் பேருக்கு மேல 'மறுக்கா'ன்னுதான் போட்டிருக்காங்க. நீங்க எப்படி மாத்திப் போட்டீங்க?"

"அவரு ஒத்தையாத்தானே சொன்னாரு."

"அவ்வளவு இரைச்சல்ல அது கேட்டுச்சா?"

சம்சாத் மில் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டிருந்தன. "கேட்டுச்சும்மா" என்றாள்.

"பத்தாவதுல மார்க் போச்சு. இருபதாவது முடிக்கல. ஆனாலும் எங்களுக்கு நீங்க வேணும். எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

"நாளைக்கே." சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்தாள். "இல்லம்மா, திங்கக்கெழம வச்சுக்கோங்க. இங்க சொல்லிட்டு, கணக்கு முடிச்சிட்டு வரணும்."

போனை மடியில் செருகிக்கொண்டு நேராக சூப்பர்வைசர் அறைக்கு நடந்தாள். அவர் நிமிர்ந்து, என்ன என்பது போலக் கையை அசைத்தார். சம்சாத் கையால் பதில் சொல்லவில்லை. கதவை உள்ளே தள்ளிச் சாத்தினாள், இரைச்சல் பாதியாகக் குறைந்தது. பிறகு வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.